பிள்ளைகள் நடத்தும் உலக மாநாடும் நம் மலைச் செம்மரமும்

(திருப்பதியில் நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஐ.நா. மாநாடு நடத்துகிறார்களாம். இவளை ஏதோ ஒரு நாட்டுக்குப் பிரதிநிதியாகப் போட்டிருக்கிறார்களாம். கறுப்புக் கோட்டு வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும் என்கிறாள். சித்தாள் வேலை பார்க்கிற நான் இதற்குப் பணம் கட்டலாமா, கூடாதா?" அன்று நேரமாகிவிட்டது. அந்தக் கேள்விக்காகவே இன்று செயற்குழு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா கேட்டது தம் வீட்டுக் கணக்கு என்றாலும், அது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி. உலக விவகாரங்களைப் பேச யாருடைய பிள்ளைக்கு நாற்காலி கிடைக்கிறது என்பதே அதன் உள்ளே இருக்கிற கேள்வி.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபையில் இன்று 193 நாடுகள் உறுப்பினர்கள். அந்தச் சபை எப்படிக் கூடுகிறதோ அப்படியே மாணவர்கள் கூடிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாடு ஒதுக்கப்படும். பிரேசில் கிடைத்தால் பிரேசிலின் மக்கள் தொகை, வியாபாரம், கடன், பகை, உறவு எல்லாவற்றையும் படித்துவிட்டு வர வேண்டும். எடுத்துக்கொண்ட பிரச்சினையில் அந்த நாட்டின் நிலை என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். சபையில் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம்தான் பேச்சு. பிறகு இடைவேளை விட்டுத் தாழ்வாரத்தில் நின்று பேரம் பேசுவார்கள். உண்மையான மாநாட்டிலும் பாதி வேலை நடப்பது அந்தத் தாழ்வாரத்தில்தான். கடைசியில் தீர்மானம் எழுதி, திருத்தம் கொண்டுவந்து, கை தூக்கி வாக்கெடுப்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போருக்குப் பின் 1920 இல் சர்வதேச சங்கம் என்று ஒன்று தொடங்கியது அல்லவா? அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைப்போல மாதிரிச் சபை கூட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா அந்தச் சங்கத்தில் கடைசி வரை சேரவே இல்லை. அரசாங்கம் உட்காராத நாற்காலியில் மாணவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 1945 இல் ஐ.நா. பிறந்ததும் மாதிரியும் பெயர் மாறியது. நம் நாட்டில் இதற்கு ஒரு தங்கை உண்டு. 1966-67 இல் தில்லிப் பள்ளிகளில் மத்திய அரசு இளைஞர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. பிறகு கேந்திரிய வித்யாலயம், நவோதயா பள்ளிகளுக்கும் அது பரவியது. இந்த மாநிலத்திலேயே 2025 நவம்பர் 26, அரசியல் சட்ட நாளன்று, அமராவதியில் பள்ளி மாணவர்கள் மாதிரிச் சட்டமன்றம் கூட்டினார்கள். ஆனால் மாதிரி ஐ.நா. என்பது பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின், பெரிய கல்லூரிகளின் வளாகத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது.

இதில் நல்லது என்ன? பொது அறிவு வளரும், மேடைக் கூச்சம் போகும் என்று பள்ளிக்கூடத்தார் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். நான் பெரிதாக நினைப்பது வேறு. தனக்கு ஒதுக்கிய நாடு தனக்குப் பிடிக்காத நாடாக இருந்தாலும் அதன் வாயாகப் பேச வேண்டும் என்பதே அந்த விதி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடப்பை, ராஜம்பேட்டைப் பக்கத்திலிருந்து எத்தனை பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நம் தமிழ்க் குடும்பங்களிலும் போனவர்கள் உண்டு. புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் காப்பதற்கென்று ஐ.நா. 1990 டிசம்பர் 18 இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அது நடைமுறைக்கு வரத் தேவையான 20 நாடுகள் சேர்வதற்கு 2003 ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் 1995 இலும், இலங்கை 1996 இலும் அதை ஏற்றுக்கொண்டன. ஆள் எடுக்கும் வளைகுடா நாடுகள் ஏற்கவில்லை. ஆள் அனுப்பும் இந்தியாவும் ஏற்கவில்லை.

இப்போது குவைத்துக்குப் போன ஒரு தாயின் மகனைக் குவைத்தின் நாற்காலியில் உட்காரவையுங்கள். "நாங்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை?" என்று அவன் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு அதைவிடச் சங்கடம். "எங்கள் மக்களே அங்கே உழைக்கும்போது நாங்கள் ஏன் போடவில்லை?" என்று அவள் சொல்லியாக வேண்டும். திட்டித் தீர்க்க முடியாது. காரணத்தைத் தேட வேண்டும். எண்ணெய், அன்னியச் செலாவணி, விசா, ஏஜெண்டு என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். நம்மை அடக்குகிறவனுடைய கணக்கு நமக்குத் தெரியாமல் அவனோடு பேச்சுவார்த்தையில் உட்கார முடியாது. கூலிப் பேச்சுக்குப் போன தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

நல்லதைச் சொன்னேன். கோளாறையும் சொல்ல வேண்டுமல்லவா?

மாநாட்டு மொழி ஆங்கிலம். ஐ.நா.வுக்கே ஆறு அலுவல் மொழிகள் உண்டு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை, இந்தியும் இல்லை. அங்கே போகிற ஒரு பிரதிநிதி தன் மொழியில் பேசினாலும் மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டு பேசலாம். நம் பள்ளி மாநாட்டிலோ ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளை வாயைத் திறப்பதில்லை. சூடானின் பஞ்சத்தைப் பற்றி மனதுக்குள் எவ்வளவு இருந்தாலும் அது மனதுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அடுத்து அந்தக் கோட்டு. சித்தூர் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு பட்டினியைப் பற்றி விவாதிப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்கும் அடுத்தது பரிசு. 'சிறந்த பிரதிநிதி' என்று ஒரு கோப்பை வைத்துவிட்டால் பிள்ளைகள் உடன்பாடு தேடுவதில்லை, ஆளுக்கு ஆள் முந்தத்தான் பார்க்கிறார்கள். உடன்பாடு காண்பதற்காகக் கூட்டிய சபை பேச்சுப் போட்டியாக முடிகிறது.

ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில் இது. கடன் வாங்காமல் கட்ட முடியுமானால் கட்டணத்தைக் கட்டுங்கள், மகளை அனுப்புங்கள். அவளுக்கு அது பயன்படும். கோட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். பள்ளிச் சீருடையோடு வரலாமா என்று தலைமையாசிரியரை நேரில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் சங்கத்திலிருந்து இருவர் உடன் வருவோம். ஆனால் நம்முடைய மற்றப் பிள்ளைகள்? அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள், பாதியில் நின்று ஓட்டலில் மேசை துடைக்கிறவர்கள்? அவர்களுக்காக நாமே ஒன்று நடத்தலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். அதற்கு எடுத்துக்கொள்ளும் பொருளை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. இந்தக் கூடத்தின் வடக்குச் சன்னலைத் திறந்தால் தெரியும் சேஷாசலம் மலையிலேயே ஓர் உலகப் பிரச்சினை நிற்கிறது.

செம்மரத்தைத்தான் சொல்கிறேன். தெலுங்கில் எர்ரசந்தனம். உலகத்தில் வேறெங்கும் இயற்கைக் காடாக வளராத மரம். சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் சுற்றியுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே அதன் தாய்வீடு. இந்த மரத்தைச் சீனத்தின் பழைய அரசர்கள் அரண்மனை நாற்காலிகளுக்கு விரும்பினார்கள். 1999 இல் பெய்ஜிங்கில் செம்மர வேலைப்பாடுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள் என்றால் மோகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு இந்த மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே வெட்டுகிறவனுக்கு அந்த வாத்தியத்தின் பெயரும் தெரியாது, ஓசையும் தெரியாது.

இந்த மரத்துக்காக நாடுகள் உண்மையாகவே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1973 மார்ச்சு 3 இல் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுருக்கமாக அதைச் சைட்டீஸ் என்பார்கள். இந்தியா 1976 இல் சேர்ந்தது. 1981 இல் அதன் மூன்றாவது மாநாடு நம் தில்லியிலேயே நடந்தது. 1994 நவம்பரில் அமெரிக்காவின் போர்ட் லாடர்டேல் நகரில் கூடிய ஒன்பதாவது மாநாட்டில், இந்தியாவின் கோரிக்கைப்படி, செம்மரம் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதாவது, உரிமச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. இப்படிப் பட்டியலில் சேர்க்க வாக்கெடுப்பு வந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

பட்டியலில் மரத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. கட்டை, சீவல், பொடி, சாறு இவற்றையே அது சொல்கிறது. செய்து முடித்த நாற்காலியும் வாத்தியமும் அதில் இல்லை. பிள்ளைகளே, அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். கட்டையாகப் போனால் குற்றம், நாற்காலியாகப் போனால் கட்டுப்பாடு இல்லை என்று ஆகிறதே, அது யாருக்கு லாபம்? நீங்கள் மாநாட்டில் முதலில் சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சொந்தப் பட்டா நிலத்தில் செம்மரம் வளர்த்த விவசாயிகள் இருக்கிறார்கள். செம்மர ஏற்றுமதியைப் பொறுத்தவரை இந்தியா பல ஆண்டுகள் சைட்டீஸின் தனிக் கண்காணிப்பில் இருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய அதன் நிலைக்குழு அந்தக் கண்காணிப்பை நீக்கியது. வளர்த்தவன் விற்க வழி பிறந்ததே என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். காட்டு மரமும் தோட்டத்து மரமும் கட்டையாகிவிட்டால் அடையாளம் பிரிப்பது யார் என்று காட்டைக் காப்பவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

இனி நம் மனத்தை அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2014 இன் கடைசியில் ஆந்திர அரசு, பறிமுதல் செய்த செம்மரக் கட்டைகளை உலக வியாபாரிகளுக்கு ஏலம் விட்டது. அடுத்த சில மாதங்களில், 2015 ஏப்ரல் 7 விடியற்காலை, சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்; ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்து வைத்துக்கொண்டு சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை அந்த வழக்குப் போனது.

இன்னொன்றையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் இதே மலைக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவரைக் கடத்தல்காரர்களின் ஆட்கள் அடித்துக் கொன்றார்கள். அவர்களும் சம்பளத்துக்குக் காட்டுக்குள் போனவர்கள்தான். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் அழுதிருக்கும். நாம் இந்த ஊரில் தெலுங்கு மக்களோடு ஒரே தெருவில், ஒரே குழாயடியில் வாழ்கிறவர்கள். நம் சாவை மட்டும் எண்ணி அவர்கள் சாவை விட்டுவிட்டால் நம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை.

இப்போது மாநாட்டு மேசையைப் பாருங்கள். இந்தியா உட்காரும், சீனா உட்காரும், ஜப்பான் உட்காரும். கட்டை கடந்துபோகும் வழியில் உள்ள நேபாளம், ஐக்கிய அரபு அமீரகம் உட்காரும். ஜவ்வாது மலைக்காரன் எங்கே உட்காருவான்? அவனுக்கு நாடு உண்டு, நாற்காலி இல்லை. அவன் சார்பாகப் பேச வேண்டிய இந்தியாவின் பிரதிநிதிக்கு அவன் குற்றவாளிப் பட்டியலில் ஒரு பெயர். அந்த மாநாட்டில் அமைப்புகள் பார்வையாளராக வந்து பேசலாம், வாக்கு மட்டும் கிடையாது. 2013 இல் பாங்காக்கில் கூடிய மாநாடு, இப்படிப்பட்ட தீர்மானங்களால் ஏழைக் கிராமத்து மக்களின் பிழைப்பு என்ன ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமே போட்டது. காகிதத்தில் வாசல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய்ப் பேசத் தெரிந்த ஆள் அந்த மலையிலிருந்து போக வேண்டும்.

அதனால்தான் நம் மாநாட்டில் ஒரு பார்வையாளர் நாற்காலி வைக்கிறோம். அதில் உட்காரும் பிள்ளைக்கு வாக்கு இல்லை. ஆனால் எல்லா நாடுகளும் பேசி முடித்த பிறகு ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளை பேசும். யாரும் குறுக்கிடக் கூடாது. வெட்டுக் கூலி என்ன, ஆள் பிடிக்கிற தரகர் யார் ஊர்க்காரர், முன்பணம் வாங்கினால் என்ன ஆகிறது, மலையில் வேறு என்ன வேலை இருக்கிறது என்பதை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து பேச வேண்டும். கட்டையை வாங்கிக் கப்பலேற்றுகிறவன் பெயர் ஏன் வழக்குத் தாளில் அபூர்வமாகவே வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

சிலர் என்னிடம் கேட்டார்கள்: "இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா? போலீசு, துப்பாக்கி என்று வம்பு வராதா?" நியாயமான பயம்தான். இந்த ஊரில் பிழைக்க வந்தவர்கள் நாம். ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், தோழர்களே! பேருந்தில் தமிழ் பேசிக்கொண்டு பத்து ஆண்கள் சேர்ந்து வந்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்கப்படுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தெரிந்ததை முறையாக, இரு தரப்பையும் வைத்து, சபை ஒழுங்கோடு பேசக் கற்பது வம்புக்குப் போவதாகாது. பயந்துகொண்டு மூலையில் முணுமுணுப்பதைவிட அது பாதுகாப்பானதும்கூட.

மேசையில் நடப்பது நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மண்ணே மேசையில் பிரிந்ததுதான். 1953 அக்டோபர் 1 இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதில் சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் உங்களில் மூத்தவர்கள் தாய் தகப்பன் வாயால் கேட்டதே. பிறகு பட்டாஸ்கர் என்பவரை நடுவராக வைத்துப் பேசி, 1959 இல் சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1 இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கமே நின்றன. எத்தனையோ கிராமங்களில் ஒரே ஏரிக்கு இருகரையும் இரு மாநிலமானது. அந்தப் பேச்சுவார்த்தையையும் பிள்ளைகள் பின்னொரு நாள் நடத்திப் பார்க்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் ஆந்திரத்தின் பக்கமும், தெலுங்குப் பிள்ளைகள் சென்னையின் பக்கமும் உட்கார வேண்டும் என்பது என் நிபந்தனை. அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

இப்போது நடைமுறை. செம்மர மாநாட்டுக்குத் தமிழும் தெலுங்கும் மொழிகள். பக்கத்துத் தெருத் தெலுங்குப் பிள்ளைகளையும் அழைக்கிறோம். இரண்டும் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருப்பதால் மொழிபெயர்ப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு நாட்டுக்கு இருவர், கூடுமானால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வேலைக்குப் போகும் பிள்ளைகளும் சேரலாம். கட்டணம் இல்லை, கோட்டு இல்லை, கோப்பையும் இல்லை. வாரம் ஒரு நாள் மாலை இங்கே படிப்பு. உலகப் படம் ஒன்று வாங்கிவிட்டோம். தீர்மானம் நிறைவேறினால் அதைச் சுத்தமாக எழுதி இந்த இதழில் போடுவோம், வனத்துறைக்கும் ஒரு படி அனுப்புவோம். உடன்பாடு வராமல் போனால் ஏன் வரவில்லை என்பதை எழுதிப் போடுவோம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளை மாலை ஏழு மணிக்கு மேல் அனுப்பத் தயங்குவீர்கள். அதனால் ஆறரைக்கு முடித்துவிடுகிறோம். முடிந்தால் உங்களில் இருவர் முறைவைத்து வந்து பின்னால் உட்காருங்கள். பேசவும் செய்யலாம்.

பெயர் கொடுக்க அடுத்த ஞாயிறு கடைசி நாள். இந்தியாவுக்கு ஏழு பேர் போட்டி போடுகிறார்கள், சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். சீனாவுக்கு இருவர் வந்துவிட்டார்கள். ஜப்பானுக்கும் நேபாளத்துக்கும் இன்னும் ஆள் தேவை. பார்வையாளர் நாற்காலிக்கு ஒரே ஒரு பெயர் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் துணையாகப் போளூர்ப் பக்கம் போய் நான்கு பேரிடம் விசாரித்து வர ஒரு பெரியவர் வேண்டும். பேருந்துச் செலவைச் சங்கம் கொடுக்கும்.